பதினொரு தையல்

உடன்பிறந்த பாசத்துக்கு விலை சொல்ல முடியாது என்பார்கள். அந்த வீட்டில் சொல்லியாகிவிட்டது. பத்தடிக்கு எட்டடி.

தையல் கடைக்குப் பின்னால், ஒரே ஜன்னலோடு, ஒரு பக்கச் சுவரில் ஈரம் பூத்த அறை. மாஸ்டர் அதை மூன்று முறை இஞ்ச் டேப் பிடித்து அளந்துவிட்டார். மூன்று முறையும் அதே அளவுதான் வந்தது. துணியை ஒரு தடவை பார்த்தாலே மீட்டர் சொல்லிவிடுகிற மனிதர். அறையின் அளவு தெரியாமல் அவர் அளக்கவில்லை. அளப்பது உள்ளே இருப்பவள் கண்ணில் பட வேண்டும் என்று அளந்தார்.

உள்ளே இருப்பவள் அவர் மனைவியின் தங்கை. ஏழு மாதத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு நாயோடும் வந்து இறங்கியவள். பெட்டியைப் பற்றி மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. நாயைப் பார்த்துத்தான், "இதுவுமா?" என்றார். "இதுதான் மாமா," என்றாள் சின்னவள். பெட்டியில் அப்படியொன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளை நாய். இடது கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாகக் கறுப்பு. குட்டியாக இருந்தபோது ஒரு கோட்டுப் பொத்தானை விழுங்கிவிட்டு மறுநாள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததால் பேர் பட்டன்.

அந்தப் பட்டனுக்குத்தான் பத்து நாள் முன்பு கர்ப்பப்பையில் சீழ் வைத்தது. அன்றைக்கே எடுக்காவிட்டால் தங்காது என்று டாக்டரம்மா சொல்லி, வயிற்றைத் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்து, மேலே நீல நிற நைலானில் பதினொரு தையல் போட்டார். பதினாலாம் நாள் தையல் பிரிக்கலாம். அதுவரை குதிக்கக் கூடாது, நனையக் கூடாது, நக்கக் கூடாது, பயணம் போகக் கூடாது.

பயணம் இருந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய செடித் தோட்டத்தில் சின்னவளுக்கு மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. தங்க வீடும் உண்டு. நாயைக் கூட்டி வரலாமா என்று கேட்டதற்கு, செடியைத் தோண்டாத நாயாக இருந்தால் சரி என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்படி ஒரு பதில் வருவதற்கு அவள் ஐந்து மாதம் எழுதிப் போட வேண்டியிருந்தது. சேர வேண்டியது பதினாறாம் நாள்.

மாஸ்டர் சொல்லி வைத்திருந்த துணி ஓரம் அடிக்கிற புது ஓவர்லாக் மெஷின்கள் இரண்டும் வந்து இறங்குவது பன்னிரண்டாம் நாள். இறங்க வேண்டிய இடம் அந்தப் பின்னறை.

பன்னிரண்டு, பதினாலு, பதினாறு. இந்த மூன்றுக்கும் நடுவில் மாஸ்டரின் மனைவி, பெரியவள், மாட்டிக்கொண்டாள்.

பெரியவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தார்கள். அது கதவில் இடித்தது, மெஷின் காலில் இடித்தது, சோற்றுத் தட்டைக் கவிழ்த்தது, கடைசியில் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பெரியவள்தான் பார்த்துப் பொறுக்காமல் டேப்பை எடுத்தாள். மார்பு, இடுப்பு, முன்னங்கால் இடைவெளி எல்லாம் அளந்து, வாடிக்கையாளர் வாங்க வராமலே போன ஒரு சட்டைத் துணியில் நாய்க்கு உடுப்பு தைத்தாள். வயிற்றுப் பக்கம் இரட்டைத் துணி. முதுகில் நான்கு நாடா. நாய் எப்படி வளைந்தாலும் வாய் எட்டாது. டாக்டரம்மாவே வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பத்து தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"எங்கக்கா கைய அடிச்சுக்க ஆளே இல்ல டாக்டர்," என்றாள் சின்னவள். ஏழு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அது எட்டு நாளைக்கு முன்னால்.

பத்தாம் நாள் காலை டீ குடிக்கும்போது மெஷின் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இடம் தயாராக இல்லை என்றால் வேறு கடைக்கு இறக்கிவிடுவார்களாம். அடுத்தது வர மூன்று மாதம் ஆகுமாம். மாஸ்டர் போனை வைத்துவிட்டு டம்ளரைப் பார்த்துப் பேசினார். மனைவியிடம் நேராகச் சொல்ல முடியாததை டம்ளரிடம் சொல்வது அவர் வழக்கம்.

"உன் தங்கச்சிய நான் போகச் சொல்லல. நாளைக்கு எம்மேல பழி வரக் கூடாது. மெஷின் வேணாம்னு சொல்லிடறேன். நமக்கு வாய்ச்சது இவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்கிற மனிதர் போனைக் கையில் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. டீயை முடித்துவிட்டுப் பின்னறை வாசலில் நின்று நிலைப்படியின் அகலத்தை விரலால் சாண் போட்டார்.

நான்கு நாள் முன்கூட்டியே பிரித்தால் என்ன என்று பெரியவள் தங்கையிடம் அதற்கு முந்தின நாளே கேட்டுப் பார்த்திருந்தாள். டாக்டர் சொன்னது பதினாலு என்று சின்னவள் சொல்லிவிட்டாள். நாள் சொல்கிறவர்கள் எப்போதும் இரண்டு நாள் கூட்டித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படித்தான், சனிக்கிழமை முடிகிற துணிக்குத் திங்கள் என்போம் என்று பெரியவள் சொன்னதற்கு, "இது துணி இல்லக்கா," என்று பதில் வந்தது.

வேலையில் சேர உடல் தகுதிச் சான்று வேண்டும் என்று சின்னவள் ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். போகும்போது தினமும் சொல்வதையே சொன்னாள். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஈரம் போனபிறகுதான் நாடா கட்ட வேண்டும். சிவப்பாக இருந்தால் போன் பண்ண வேண்டும்.

சிவப்பாக இல்லை. அதுதான் வினையாகப் போனது.

பெரியவள் நாடாக்களை அவிழ்த்துத் துணியை விலக்கிப் பார்த்தாள். கீறல் சுத்தமாக ஒட்டி, மெல்லிய கோடாக ஓடியது. அதன் மேல் பதினொரு நீல முடிச்சுகள், நாலாம் கிளாஸ் பிள்ளை போட்டது போலத் தள்ளித் தள்ளி. இருபத்திரண்டு வருஷமாகத் தையலைத் தவிர வேறொன்றையும் பார்க்காத கண். உள்ளே ஒரு தையல் இருக்கிறது, அது தானாகக் கரைந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே தையல் இருந்தால் மேலே இருப்பது என்ன? ஓட்டுத் தையல். மெஷின் ஓடும்வரை துணி நகராமல் இருக்க இழுத்துப் போடுவது. மெஷின் ஓடி முடிந்ததும் உருவிவிடுவது. உருவாமல் கொடுத்தால் வாடிக்கையாளர் திட்டுவார்.

இப்படி அவள் நினைத்தாள். வேறு தொழில்காரிக்கு இப்படி நினைக்கத் தெரிந்திருக்காது.

நூல் கட்டரைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். ஓட்டுத் தையலை ஒரேயடியாக உருவ மாட்டார்கள்; ஒன்று விட்டு ஒன்று பிரித்து, துணி பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம். அதே முறையில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது. ஐந்து. பட்டன் முனகக்கூட இல்லை. கட்டர் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவள் மணிக்கட்டை நக்கியது. வயிறு விலகவில்லை. மிச்சம் ஆறை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டு, பாரு, ஆறிப்போச்சு, நீ தாராளமாக் கிளம்பலாம் என்று தங்கையிடம் சொல்லலாம். அதைச் சொல்கிறபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

வெட்டின நூலைத் தரையில் போடுவது அந்தக் கடையில் பாவம். யாருடைய பட்டுத் துணியிலாவது ஒட்டிக்கொள்ளும். கைப்பழக்கமாக ஐந்து முடிச்சையும் குண்டூசி வைக்கிற பித்தளை மூடியில் போட்டாள். நான்கு நாடாவையும் சுருக்குப் போட்டுக் கட்டினாள்.

பதினொன்றரைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை மூட்டை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு மாஸ்டர் தலையாட்டினார். அவர் நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தது ஏழு மாதத்தில் முதல் தடவை. பெரியவள் அதை அப்போது நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

அவள் திரும்பி வரும்போது ஒரு மணி. "தூங்குது, எழுப்பாத," என்றார் மாஸ்டர், வெட்டுமேசையை விட்டுத் தலை தூக்காமல்.

இரண்டு மணிக்குச் சின்னவள் வந்தாள். சான்று கிடைத்த சந்தோஷத்தில் வாசலிலிருந்தே நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பட்டன் கட்டிலிலிருந்து ஒரே தாவாகத் தாவியது. தாவிய இடத்திலேயே நின்று தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. இரட்டைத் துணியில் முதலில் ஒரு ரூபாய் அளவுக்கு நனைந்தது. பிறகு உள்ளங்கை அளவுக்கு. தண்ணீர் கலந்த ரத்த நிறம்.

சின்னவள் மண்டியிட்டு நாடாக்களை இழுத்தாள். மூன்று சட்டென்று வந்தன. ஒன்று கெட்டி முடிச்சாக இருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தாள். துணியை விலக்கியதும் நடுவில் கோடு வாய் திறந்திருந்தது.

"என்னக்கா இது?"

"கடிச்சிருக்கும்," என்றாள் பெரியவள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லவில்லை. பொய்க்கு யோசனை தேவைப்படுவது இரண்டாவது வார்த்தையிலிருந்துதான்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துப் போனார்கள். மாஸ்டருக்குக் கட்டிங் வேலை இருந்தது. சின்னவள் நாயை மடியில் மல்லாத்தி, சுத்தமான துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்கப் பெரியவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். நாய் நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தேன், சிவப்பே இல்லை, நான் மூட்டை கொடுக்கப் போன நேரத்தில் எப்படியோ எட்டிக் கடித்திருக்க வேண்டும், மிருகம்தானே.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு நாயை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரில் ஒருவர் கூண்டுக் கிளியோடு உட்கார்ந்திருந்தார். கிளி எல்லோரையும் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னவள் கையில் அந்த உடுப்பு இருந்தது. மடிக்கப் போனவள் மடிக்காமல் விரித்தாள். உள்பக்கம் திருப்பினாள். வயிற்றுத் துணியை விரலால் தடவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கை ஓட்டையை இழுத்துப் பார்த்தாள். தான் தைத்த துணியை வாடிக்கையாளர் இப்படி நிதானமாகப் புரட்டும்போது பெரியவள் எப்போதும் எங்கே பிசிறு என்று தானும் தேடுவாள்.

"எங்கயும் கிழியல," என்றாள் சின்னவள். "பல்லு பட்ட தடம்கூட இல்ல. நாலு நாடாவும் கட்டினபடி இருந்துச்சு. நானே அவுத்தேன்."

பெரியவள் உடுப்பை வாங்கக் கை நீட்டினாள். சின்னவள் கொடுக்கவில்லை.

"நீ தைச்சதுக்கா. இதுக்குள்ள கொசு போகாது. எப்படிக் கடிக்கும்?"

நன்றாகத் தைத்தது அன்றைக்குப் பெரியவளுக்கு வேட்டு வைத்தது. கொஞ்சம் மோசமாகத் தைத்திருந்தால் தப்பித்திருப்பாள்.

சொன்னாள். மெஷின், மூன்று மாதம், ஓட்டுத் தையல், ஒன்று விட்டு ஒன்று. தன் கையால் வெட்டினதைத் தன் வாயாலேயே சொன்னாள். மாஸ்டர் டம்ளரைப் பார்த்துப் பேசியதை மட்டும் சொல்லவில்லை. புருஷனை விட்டுக் கொடுக்காமல் இருப்பது அவளுக்கு இன்னொரு கைப்பழக்கம்.

சின்னவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைப் போன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அப்படிச் சொல்ல வாய் வருமாடி?"

"வாய் வரல. கத்தரி வந்துச்சு."

"அஞ்சே அஞ்சுதான்டி அறுத்தேன். மீதி ஆறு அப்படியேதான் இருந்துச்சு. சத்தியமா."

அப்போதுதான் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். உள் தையல் பிடித்திருக்கிறது, அதனால் குடல் வெளியே வராமல் பிழைத்தது என்றார். தோலை மறுபடி சேர்த்துத் தைத்தாகிவிட்டது. சீழ் வைக்காமல் இருக்க ஊசி ஐந்து நாள். இன்றையிலிருந்து புதுசாகப் பதினாலு நாள் எண்ணிக்கொள்ள வேண்டும். ஊர் விட்டு ஊர் போகிற பேச்சே கூடாது.

பிறகு கையில் இருந்த தட்டைக் காட்டினார். பழைய தையலில் மிச்சம் இருந்ததை எடுத்துப் போட்டிருந்தார். நான்கு.

"போட்டது பதினொண்ணும்மா. நடுவுல வரிசையா அஞ்சு இடம் காலி. அதான் பிரிஞ்சிருக்கு. ஏழு போயிருக்கு."

"தாவினதுல ரெண்டு தெறிச்சிருக்குமா டாக்டர்?" என்றாள் பெரியவள்.

"தெறிச்சா முடிச்சு சதையிலயோ துணியிலயோ ஒட்டிட்டு இருக்கும். தேடிப் பாத்துட்டேன். யாரோ சுத்தமா வெட்டி எடுத்திருக்காங்க. நல்லா வெட்டத் தெரிஞ்ச கை."

டாக்டரம்மா உள்ளே போனபிறகு சின்னவள் அக்காவைப் பார்த்தாள். ஏழு மாதத்தில் ஒரு நாளும் பார்க்காத பார்வை. தன் புருஷனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் சுவரை அப்படிப் பார்ப்பாள்.

"அஞ்சுன்னு சொன்ன."

"அஞ்சுதான்."

"ஒத்துக்கிற இடத்துலயும் பேரம் பேசறியாக்கா? ஏழை அஞ்சாக் குறைச்சுச் சொன்னா நான் என்ன பண்ணணும்? ரெண்டு தையலுக்கு உன்னை மன்னிச்சு விடணுமா?"

சின்னவள் எழுந்து போய் வராந்தாவில் நின்று செடித் தோட்டத்துக்குப் போன் செய்தாள். பேசி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி மரியாதையாகத்தான் பேசினாராம். நடவு நேரம், ஆள் இல்லாமல் முடியாது, அடுத்த பெயர் பட்டியலில் காத்திருக்கிறது, நாய்க்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்றாராம். வந்து அதைச் சொல்லிவிட்டு, உடுப்பை நான்காக மடித்து அக்காவின் மடியில் வைத்தாள். இதை இனிமேல் போட வேண்டாம், கூம்பே மாட்டிக்கொள்கிறேன், அதை மாட்டினால் கழற்றினது தெரியும் என்றாள்.

"பயப்படாத. நான் எங்கயும் போகல. போக இருந்த இடத்தைத்தான் நீ பிரிச்சுட்டியே. அந்த ரூம்லயேதான் கிடப்பேன். மாமாகிட்டச் சொல்லிடு."

வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. மயக்கம் தெளியாத நாயைத் தூக்கிக்கொண்டு சின்னவள் நேரே பின்னறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ் போடும் சத்தமும். அந்தத் தாழை ஏழு மாதத்தில் அவள் தொட்டதே இல்லை.

மாஸ்டர் கடை வாசலில் யாருக்கோ பேன்ட் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். பெரியவள் நேரே போய்ப் பித்தளை மூடியை எடுத்துப் பார்த்தாள். ஐந்து நீல முடிச்சு. மறுபடி எண்ணினாள். குண்டூசிகளைக் கொட்டி எண்ணினாள். ஐந்துதான். மிச்சம் இரண்டை அவள் வெட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தங்கை அந்தப் பார்வை பார்த்தபிறகு தன் கை மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

ஐந்தாவதும் ஏழாவதும். அவை இரண்டும் போனால்தான் நடுவில் வரிசையாக ஐந்து இடம் காலியாகும். அவற்றை எடுத்தது, எதை அறுத்தால் எது பிரியும் என்று தெரியாத கை அல்ல. அல்லது, பாதி பிரித்துக் கிடக்கிறது, நாமும் கொஞ்சம் பிரித்து உதவுவோம் என்று நினைத்த கை. எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை.

கெட்டி முடிச்சு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் போட்டது நான்கும் சுருக்கு. சின்னவள் ஒன்றைப் பல்லால் கடித்தல்லவா அவிழ்த்தாள்.

"ஏய், அந்த சாக் டப்பாவை எடு," என்று வாசலிலிருந்து மாஸ்டர் கேட்டார். பேன்ட்காரரின் இடுப்பில் விரல் வைத்திருந்தார், நகர முடியாது.

வெட்டுமேசையின் ஓரத்தில் இருந்தது அந்தத் தகரடப்பா. துணியில் கோடு போடுகிற சாக் கட்டிகளைத் தவிர அதில் வேறு எதுவும் இருக்காது. அவள் அதைத் திறந்தாள். இரண்டு வெள்ளைக் கட்டி, ஒரு சிவப்பு, அடியில் பொடி. பொடிக்குள் நீலமாக ஏதோ. விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள். வெட்டின நூலைத் தரையில் போடக் கூடாது என்று அவளுக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

"என்ன, கண்ணு தெரியலையா? மேசை மேலதான் இருக்கு."

"இருக்குங்க," என்றாள் பெரியவள். "பாத்துட்டேன்."

அவர் விரல் பேன்ட்காரரின் இடுப்பிலேயே நின்றது. இந்தத் தடவை டம்ளர் எதுவும் பக்கத்தில் இல்லாததால் அவர் அவளையே பார்க்க வேண்டியிருந்தது.

பின்னறைக்குள் பட்டன் மயக்கத்தில் ஒருமுறை ஊளையிட்டு அடங்கியது. கூம்பு சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

போட்டது பதினொன்று. டாக்டரம்மாவின் தட்டில் நான்கு, பித்தளை மூடியில் ஐந்து, சாக் டப்பாவில் இரண்டு. நூல் பிசகாமல் நேராகிவிட்டது கணக்கு. சாத்திய கதவைத் தட்டித் தங்கையிடம் சொல்ல வேண்டிய அந்த இரண்டு மட்டும் பாக்கி.